ஆறவைத்த சூப்

கல்லடியில் வாவிக்கரையோரம் இருந்த ஒரு விடுதியில்தான் அந்தச் சமையல்காரரைச் சந்தித்தேன். காத்தான்குடிக்காரர், கட்டாரில் பல வருடம் சமைத்தவர். ஒல்லியான உடம்பு, கத்தரித்த வெண்தாடி. பரிமாறிய பிறகு, நாம் முதல் கரண்டியை விழுங்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையருகிலேயே நிற்பார்.

என் மனைவி விழுங்கிவிட்டு முகம் சுளித்தாள். "சூப் ஆறிப்போய்க் கிடக்கு. கொஞ்சம் சுடவச்சுத் தாறீங்களா?"

"ஆறிப்போகல்ல மிஸ், ஆறவச்சது. பிரிட்ஜில நாலு மணித்தியாலம்."

மெனுவில் 'ஒரேஞ் சூப்' என்றிருந்தது. வாயில் பட்டதோ மாம்பழமும் பப்பாசியும். "இதில தோடம்பழமே இல்லையே?" என்றேன்.

"அது நிறத்துக்கு வச்ச பேர் சேர். ஆனா 'ஒரேஞ்' எண்ட சொல்லே எங்கட நாரத்தையில இருந்து போனது. அரபியில நாரஞ்ச் ஆகி, இன்னும் தூரம் போய், கடைசியில வெள்ளைக்காரன் முன்னுக்கிருந்த 'ந'வை விழுங்கிட்டான்."

தமிழ் படிப்பிக்கிற எனக்கே பாடமா என்று சிரித்தேன். மனைவி அதற்குள் இரண்டாவது கிண்ணம் கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். மனிதர் சொன்னது சரிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதை ஒப்புக்கொள்வதற்கென்றே போய், அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அப்ப அது நல்ல அகராதிதான் சேர். கவனமா வச்சிக்கொள்ளுங்க" என்றார்.