நங்கநல்லூர்க்காரனாக இருந்த அண்ணன்

என் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தான். அங்கே போதைப் பவுடர் பழக்கம் பிடித்துக்கொண்டது. வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த போர்டு வீட்டில் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் திரும்ப வெகுநேரமாகும். பார்க்கும்போதும் நமக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்ப்பான். அம்மா அடிக்கடி தன் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் அவனே கேட்டான். "வுட்டுடலாம்னு கீது. எங்கனா இட்டுனு போ."

நகரத்தின் தென்பக்கம் இருந்த ஒரு போதை சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண், "எந்த ஏரியா?" என்றாள்.

"வியாசர்பாடி."

"போர்டு வீடா?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் எங்கள் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. "பெட் இல்லம்மா. உங்க பக்கத்து ஆளுங்க பாதியிலயே ஓடிடுவாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வரிசையாகக் கட்டில்கள், கசங்காத விரிப்புகள். ஆளே இல்லை. மேலே மின்விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் அண்ணன் மெதுவாகக் கேட்டான். "அங்க யாரும் இல்லதான? இல்ல, என் கண்ணுக்குத்தான் தெர்லியா?"

ராயபுரம் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு வீடு நங்கநல்லூர். "எங்க அட்ரஸைச் சொல்லிக்கோ. ஆனா உங்க அண்ணனை வாயைத் திறக்க விடாதே, பேச்சே காட்டிக்கொடுத்துடும்" என்றார். வேறொரு மையத்தில் அதைச் சொன்னேன். உடனே கட்டில் கிடைத்தது.

சில வாரம் கழித்துத் தெளிந்த கண்களோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாப்பிட என்னம்மா இருக்கு?" என்றான்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். குரல் அவனுடையது. வார்த்தைகள் வேறு யார் வீட்டுடையவையோ. முதலில் சிரித்தோம். ஆனால் அவனால் நிறுத்த முடியவில்லை. பகல் தூக்கத்தில் முனகினால்கூட அந்த நங்கநல்லூர்த் தமிழ்தான். "வூட்டுக்கு யாரைடீ இட்டாந்துட்ட?" என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். அவன் படுத்திருந்த அறைக்குள் தனியாகப் போகவே தயங்கினாள்.

ஒரு மத்தியானம் அண்ணன் சொன்னான். "அங்க ஒவ்வொரு வார்த்தையையும் மனசுல சொல்லிப் பாத்துட்டுதான் பேசினேன். இப்ப உள்ள ஒருத்தன் எனக்கு முந்தி பேசறான். அவன் போக மாட்டேங்கறான்."

அவன் தேறியதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா தன் மகனுக்காக வந்தாள். அவனும் அண்ணனும் ஒன்றாக மூட்டை தூக்கி, ஒன்றாகப் பவுடர் பழகியவர்கள். அந்த அக்காவிடம் மறுபடி கேட்டேன். "எங்க அட்ரஸை ஒருமுறை சொன்னதே பயமா இருக்கும்மா" என்றார். வேறு அட்ரஸ் தேடுவதற்குள், குடோன் சுவரில் சாய்ந்தபடி எதிர்வீட்டுப் பையன் செத்துக் கிடந்தான்.

பாடையருகே அண்ணன் அசையாமல் நின்றான். பிறகு மண்டியிட்டு அவன் கன்னத்தைத் தொட்டான். "இன்னாடா மாமு, இப்டி பண்ட்டியே. நான் வந்துகினுதான இருந்தேன்" என்று கதறினான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சில வருடம் கழித்து, பவுடர் ஏக்கத்தை அடக்க நாக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை தரும் இடம் ஒன்று தண்டையார்பேட்டையில் வந்தது. ஏரியா எது என்று யாரையும் கேட்கவில்லை. அண்ணன் பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராக அங்கே கூட்டிப் போனான். அவன் மட்டும் வாசற்படி ஏறுவதில்லை.

"உள்ள வந்தன்னா, அந்த நங்கநல்லூர்க்காரன் மறுக்கா பேச ஆரம்பிச்சுடுவான்" என்பான்.