கலியம்மாள் பார்த்த கோதுமை வயல்

பாகூர் கலியம்மாளுக்கு இடது கண் முழுசாகப் போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம், வலது கண்ணும் மெல்ல மங்கும் என்று புதுச்சேரி டாக்டர் சொன்ன அதே மாதம், பாரிசில் வேலை பார்க்கும் மகன் அரிகரன் இரண்டு விமான டிக்கெட் அனுப்பினான். பார்வை இருக்கும்போதே அம்மா நாலு நல்ல காட்சிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

கரும்பு வெட்டு முடிந்த கையோடு அவளும் கணவர் தங்கவேலும் கிளம்பினார்கள். இருபது நாள் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்தும் அதில் ஒரு வியாழக்கிழமையைத்தான் பேசுகிறார்கள்.

அன்று அரிகரன் லீவு போட்டிருந்தான். காலையில் ஒரு சின்ன ஓவியக்கூடம். கோடும் கட்டமுமாக இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொடவ பார்டர் மாரி இருக்குது" என்றாள் கலியம்மாள்.

மதியம் ஓர் உணவகம். முதலில் ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. அரை மணி கழித்து சூப். மீன் வர இன்னொரு அரை மணி. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட வந்ததாகவே தெரியவில்லை, பேச வந்தவர்கள் போல இருந்தார்கள். தங்கவேலுக்கு அது பிடித்துப்போயிற்று. கழனியில் நின்றபடி கூழ் குடித்தே பழகியவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரொட்டியை விண்டு விண்டு தின்றார். கலியம்மாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்துப் போக வேண்டிய பெரிய மியூசியத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"இவனுங்க சோறு போட்டு முடிக்கறதுக்குள்ள என் கண்ணு போயிடும் போல."

"பொறும்மா. இங்க அவசரப்படுத்துனா கோச்சிக்குவாங்க."

"உங்க நைனாவப் பாரு, மாமியார் வூட்டுக்கு வந்த மாரி குந்தினு இருக்குது."

மியூசியத்துக்குள் நுழைந்தபோது நாலரை. நாலைந்து அறைகளைக் கடந்ததும் கலியம்மாள் நின்றாள். எதிரே ஆளுயரப் படம்: முற்றி, அறுவடைக்கு நிற்கும் கோதுமை வயல். பாகூரில் முதல் அரிவாள் வைக்கும் நாளில் செய்வதைத்தான் அவள் செய்தாள். கதிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மணி அலறியது. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தார்.

"வெளிய போவ சொல்றாங்களா?" கலியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "இன்னும் முழுசா பாக்கலடா."

அரிகரன் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான். அம்மாவின் கண்ணைக் காட்டினான், படத்துக் கதிரைக் காட்டினான், அறுக்கிற மாதிரி கையை வீசிக் காட்டினான். அந்தப் பெண் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கலியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"மூடற வரைக்கும் பாக்கலாமாம். கைய மட்டும் இப்படி வச்சிக்கணுமாம்."

அப்படியே நின்றாள்.

"இன்னாடி, மணியக்காரர் மாரி நிக்கற," என்று நடுவில் கிடந்த பெஞ்சிலிருந்து தங்கவேல் சீண்டினார். அவள் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரே படம். மிச்ச அறைகள் எதற்குள்ளும் அவர்கள் போகவில்லை.

இப்போது வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகின்றன. சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும் தங்கவேல், பேச்சை அந்த வியாழக்கிழமைக்கே இழுப்பார். மீன் மேல் ஊற்றியிருந்த வெண்ணெய்க் குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது என்பார். அப்புறம், "அந்தப் படத்துல இன்னா இருந்துச்சி, சொல்லு" என்பார்.

"நீ எங்க பாத்த? பெஞ்சுல தூங்கினு இல்ல இருந்த."

பிறகு இடது ஓரத்திலிருந்து தொடங்குவாள். மழை வரப்போகிற வானம், காற்றுக்குச் சாய்ந்த கதிர், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேறு. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கூடிவிடும். போன வாரம் வண்டிக்கடியில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது.

அரிகரனுக்கு ஒரு போன் போட்டால் நாய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். தங்கவேல் போடவில்லை. நாய் என்ன நிறம் என்று அவளிடமே கேட்டார்.