ஆகாயத்தில் எத்தனை மைல்

யுத்த காலத்தில் என் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

என் வீட்டுக்காரர் விமானப்படையில் மெக்கானிக். கல்யாணமான நாலாம் மாதம் போனவர், பிறந்த பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கடிதத்தில் எதையும் எழுத முடியாத காலம். பக்கத்து ஊரான வ. புதுப்பட்டிக்கு லீவில் வந்த அவருடைய கூட்டாளி வீடு தேடி வந்து சேதி சொன்னார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறித் திருச்சிக்குப் போகிறாராம்; அங்கிருந்து அப்படியே பர்மா பக்கம். வீட்டுக்கு வர லீவு இல்லை. ஆனால் விமானம் நம் ஊருக்கு மேலேதான் போகும், எல்லாரும் மாடியில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்.

மாமா பென்சிலை எடுத்துவிட்டார். பஸ்ஸைப்போல மூன்று மடங்கு வேகம் என்று வைத்துக்கொண்டு, ரோட்டு மைல்களைக் கூட்டினார்.

"பத்து மணிக்கு நம்ம ஊரு."

"அது நேரால்ல வரும்? ரோட்டுலயா வரப்போகுது?" என்றாள் அத்தை.

"ஏட்டி, மலை ஏறி எறங்க வேண்டாமா? செங்கோட்டையில தண்ணி ஊத்தாம எந்த வண்டி வந்திருக்கு? அம்புட்டுத் தூரம் இஞ்சின் தாங்குமா?"

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடும் பஸ்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவரிடம் யார் பேசி ஜெயிப்பது?

புதன்கிழமை, ஒன்பதரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லி வேலைக்குப் போனார். நான் முற்றத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எட்டே முக்கால் இருக்கும். மலைப்பக்கம் இரைச்சல் கேட்டது. மேலெல்லாம் கடலைமாவோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கோபுரத்தை ஒட்டி விமானம் வந்தது. பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அது அழுதது, நானும் அழுதேன். அதற்குள் மதுரைப் பக்கம் மறைந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அந்நேரம் ஒரு பஸ்ஸின் கரி அடுப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. சொன்னபடி ஒன்பதரைக்கு வந்தார். சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டு மாடியேறினார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று அத்தையும் கண்ணைக் காட்டினாள். வெயிலில் ஒரு மணிவரை நின்றார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அவுக எட்டே முக்காலுக்கே போயிட்டாக."

மதுரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பிள்ளையத் தூக்கிக் காட்டினியா தாயி?" என்றார்.

"காட்டினேன் மாமா."

"அது போதும்."

தப்புக் கணக்குப் போட்டாரே என்று காலையிலிருந்து அவர்மேல் ஆத்திர ஆத்திரமாக வந்தது. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் கரைந்துபோய், பெற்ற அப்பாவைவிட அவர்மேல் பாசமாகிவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தபோது, மாமா காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு அப்பா மாடியில நின்னாகளா? மேல இருந்து ஆள் அடையாளம் தெரியல."

"நின்னாக. வெயில்ல, ஆகாசத்தையே பாத்துக்கிட்டு நின்னாக," என்றேன்.

எத்தனை மணிக்கு என்று நான் சொல்லவில்லை.