அண்ணனின் ஓட்டு அட்டை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூசுவேன். படித்தவர்கள் இருக்க நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போய்விட்டார், அண்ணியும் போய்விட்டாள். அன்று நடந்ததைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

வியட்நாமில், சைகோன் நகரத்தில், பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணனுக்குத் தையல் கடை. மாடியில் வீடு. நான் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பேன். அப்பா காரைக்காலிலிருந்து வந்தவர். நாங்கள் அங்கேயே பிறந்து அந்த நாட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொண்டவர்கள். அதனால் எங்களுக்கு ஓட்டு உண்டு.

எழுபத்தொன்றாம் வருஷ ஜனாதிபதித் தேர்தலில் மற்றவர்கள் விலகிவிட, கடைசியில் நின்றவர் ஒருவர்தான். ஓட்டுப் போட்டவரின் அட்டையில் ஒரு மூலையை வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். வெட்டாத அட்டையோடு போலீஸில் மாட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததால் பயம் இன்னும் பெரிதாக இருந்தது. போர் நடந்த காலம்; அண்ணன் மகனுக்குப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகும் வயது நெருங்கிக்கொண்டிருந்ததால் அண்ணிக்குத்தான் அதிகப் பயம்.

"ஒருத்தரே நிக்கிறாரு. இதுல நான் எதைப் பாத்துத் தேர்ந்தெடுக்கிறது? நான் போவல," என்றார் அண்ணன்.

ஓட்டு நாளான ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே அண்ணியும் நானும் போட்டுவிட்டு வந்துவிட்டோம். காலையிலிருந்து சந்தில் யாரும் அண்ணனை மிரட்டவில்லை. காபி விற்கும் அம்மாள் கிளாஸை வைத்துவிட்டு, கூட்டமே இல்லை, போய்விட்டு வந்துவிடுங்கள் என்றாள். எதிர்வீட்டு வாத்தியார் தன் சைக்கிளைத் தருகிறேன் என்றார். இஸ்திரிக்காரர் குனிந்து, தான் ஓட்டுச் சீட்டை உள்ளே வைக்காமல் வெறும் உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததாகவும் அண்ணனும் அப்படியே செய்யலாம் என்றும் காதோடு சொன்னார். எல்லாம் அன்பாகச் சொன்னதுதான். அண்ணன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

அவர் மாடிக்குச் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணி மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மூலையை வெட்டினாள். பதற்றத்தில் அவள் கைக்கு வந்தது, துணி ஓரம் பிரியாமல் வெட்டுகிற பல் கத்தரி. மூலை ரம்பம் மாதிரி வந்துவிட்டது.

"ஐயோ, போச்சு," என்றாள். மறுபடி நேராக வெட்ட அட்டையில் இடம் இல்லை.

சாயங்காலம் எங்கள் சந்துக்குப் பொறுப்பான பெரியவர் அட்டைகளைப் பார்க்க வீடு வீடாக வந்தார். பின்னால் காலையில் வந்த அதே காபி அம்மாள், வாத்தியார், இஸ்திரிக்காரர். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அட்டையை நீட்டிவிட்டாள். பெரியவர் அந்தப் பற்களைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, தையல்காரர் வீடும் முடிந்தது என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னார்.

மிஷின் நின்றது. அண்ணன் எழுந்து நின்று, எல்லோருக்கும் புரியும்படி அந்த ஊர் பாஷையிலேயே சொன்னார்: "நான் போகல. அதை வெட்டுனது என் சம்சாரம்."

பின்னால் நின்றவர்கள் பெரியவரைப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் சிரித்தார். "தம்பிக்கு எப்பவும் கேலிதான்."

அண்ணன் கேலி பேசி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் காபி அம்மாள் சிரித்தாள், வாத்தியார் சிரித்தார். இஸ்திரிக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"கேலி இல்லிங்க. நெசமாவே நான் போகல."

இந்தத் தடவை இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பெரியவர் அண்ணன் தோளைத் தட்டி, அட்டையை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாரா, தன் சந்தில் குறை இருக்கக்கூடாது என்று செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

அண்ணி அழுதாள். அண்ணன் அவளைத் திட்டவில்லை.

"நீ பயந்துட்ட, சரி. அவங்களுக்குக் காது கேட்டுச்சே," என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை, மழை. அண்ணன் ஏழு மணிக்குக் கடையைத் திறந்தார். பத்து மணிவாக்கில் வாத்தியார் வந்து ஒரு கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.