இடக்கையால் போட்ட முடிச்சு

ஏரியில் நினைத்த இடத்தில் வலை விரிக்க எங்கள் ஊரில் யாருக்கும் உரிமை இல்லை. எந்த இடம் யாருக்கு என்று அம்மன் கோயில் முன்னால் குடத்தில் ஓலை போட்டு எடுப்போம். அதைப் பாடு என்போம். அந்த வருஷம் முகத்துவாரத்துப் பாடு, அதாவது கடல் ஏரிக்குள் நுழைகிற, இறால் கொழிக்கிற இடம், என் தங்கை புருஷனுக்கு விழுந்தது. முந்தின வருஷமும் அவனுக்குத்தான். எனக்கு இரண்டு முறையும் சேற்றுப் பக்கம். "மச்சான் குடுத்து வெச்சவரு, நண்டா புடிச்சிக்கினு கெடக்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவள் வீட்டுச் சோற்றைப் பார்த்து எரிந்த வயிறு அது, வேறென்ன சொல்ல.

ஒல்லாந்தர் கோட்டைக்கு வடக்கே, தாழம்புதர்களுக்கு நடுவில், பாவா என்று நாங்கள் கும்பிடும் பக்கீர் ஒருவரின் சமாதி இருந்தது. சாதி, மதம் எதுவும் பார்க்காமல் எல்லாரும் அங்கே போவோம். வேண்டுதல் உள்ளவன் எந்த வலைக்காக வேண்டுகிறானோ அந்த வலை நூலில் ஒரு துண்டைச் சமாதியின் மரக்கிராதியில் வலக்கையால் முடிந்துவிட்டு வருவான். வேண்டியது நடந்ததும் தானே வந்து அவிழ்த்து, சர்க்கரை வைத்து ஓதச் சொல்லி எல்லாருக்கும் கொடுப்பான். அதே முடிச்சை அடுத்தவன் வலை நூலில் இடக்கையால் போட்டால் அவன் வலை கட்டுப்பட்டுப் போகும், ஒன்றும் விழாது. இதுவும் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

தங்கை வீட்டு நூல் ஊரில் தனியாகத் தெரியும். கோட்டைக்காகத் துணியில் பூ எழுதும் சாயக்காரர்கள் கழித்துவிட்ட சாயவேர்த் தண்ணீரில் அவள் புருஷன் நூலைத் தோய்ப்பான். செக்கச்செவேல் என்று இருக்கும். என் வலை கிழிந்திருக்கிறது, கொஞ்சம் நூல் கொடு என்று அவளிடம் போய் நின்றேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், எட்டி எடுத்து ஒரு முழம் அறுத்துத் தந்தாள். "போதுமா அண்ணாத்த, இன்னும் வோணுமா?" என்று வேறு கேட்டாள். மறுநாளே சமாதிக்குப் போய் இடக்கையால் முடிந்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டது. சில வருஷம் அப்படி அடைக்கும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த வருஷம் அடைத்தது நான்தான் என்று நம்பினேன். அவன் வலை வெறும் பாசியோடு வந்தது. முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். பிறகு தங்கைக்குப் பால் வற்றியது. பிள்ளை பசியில் கத்துவது நாலு குடிசை தாண்டி எனக்குக் கேட்டது. சோறு இறங்கவில்லை. அவிழ்த்துத் தொலைக்கலாம் என்று சமாதிக்கு ஓடினேன்.

அங்கே தங்கை நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அவள் விரல் அந்தச் சிவப்பு முடிச்சின் மேல் இருந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இது எங்க நூலுதான? அன்னிக்கு வந்து கேட்டியே, இதுக்குத்தானா?" என்றாள்.

தலையாட்டினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க வலைக்கோசரம் வேண்டிக்கினியா? கஷ்டம் வர்றதுக்கு முன்னாடியே! இன்னா அண்ணாத்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவேல்லியே" என்று என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிவிட்டேன். முடிச்சை அவிழ்க்கவாவது கை நீட்டினேன். தட்டிவிட்டாள். "வேண்டினது நடக்காம அவுப்பாங்களா? பாவா கோச்சுக்குவாரு. கெடக்கட்டும்." அவள் பிள்ளையைப் பட்டினி போட்ட முடிச்சுக்கு அவளே காவல் நின்றாள். நான் அவளோடு வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து என் வலையில் விழுந்ததில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தேன். அதற்கும் என்னைப் புகழ்ந்தாள்.

ஐப்பசி வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு போனது. இறால் கூடை கூடையாக ஏறியது. கோட்டைச் சமையல்காரனே கரைக்கு வந்து காத்துக் கிடந்தான். தங்கை ஊரைக் கூட்டிக்கொண்டு சமாதிக்கு வந்தாள். சமாதியைப் பார்த்துக்கொள்கிறவர் ஓதி முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மழையில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன். தங்கை புருஷன் கிட்டே வந்து, "நண்டுன்னு கிண்டல் பண்ணேனே, மனசுல வெச்சிக்காத மச்சான்" என்று தலையைக் குனிந்தான். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஒரு வழியாக அவிழ்ந்தது. தங்கை அந்த நூலை வாங்கிப் பாவாவின் காலடியில் வைத்து எடுத்தாள். என் மணிக்கட்டில் கட்டிவிடப்போகிறாளாம்.

"முடிச்சு போட்ட கைய குடு அண்ணாத்த" என்றாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வலது கையை நீட்டினேன்.