சரிவு வீட்டின் பின்சுவர்

ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி, பாறைச் சரிவை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டை வாங்க நானும் என் மனைவியும் ஆசைப்பட்டோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அலுத்திருந்தது. வீட்டுக்காரர் அந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு பெங்களூரில் இருக்கும் மகளிடம் போகத் தீர்மானித்திருந்தார்.

வாங்குமுன் வீட்டைப் பரிசோதிக்க என் மைத்துனனை வரவழைத்தேன். அவன் கட்டட எஞ்சினியர். மலைச்சரிவு வீடுகளைப் பார்த்துப் பழகியவன். வீட்டம்மா காபியோடு வாசலில் நிற்க, அவன் உள்ளே போகாமல் பின்பக்கம் நடந்தான்.

"இன்னாங்க, வீட்டைப் பாக்காம மேட்டைப் பாக்கறாரு?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"மேல இருந்து வர்ற மழைத்தண்ணி எங்க போவுதுன்னு முதல்ல தெரியணுங்க" என்றான் அவன்.

மேட்டு மண்ணைத் தாங்கி நின்ற கல்சுவரை நெடுநேரம் பார்த்தான். அதன் நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தது. தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகள் சிமென்ட்டால் அடைபட்டிருந்தன.

"பாம்பு வருதுன்னு நான்தான் பூசினேன்" என்றார் வீட்டுக்காரர்.

பிறகு கூரை, ஒயரிங், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் பார்த்தான். பெரிய குறை இல்லை. ஆனால் பின்னறையின் கதவு சாத்த வரவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடியது; கடைசியாக அடித்த சுண்ணாம்புகூட அதன் உள்ளே இறங்கியிருக்கவில்லை, அத்தனை புதிது.

"கீழே சுரங்கத்துல பாறை வெடிச்சி ராக் பர்ஸ்ட் ஆனா இங்க எல்லா வீட்லயும் விரிசல் வுழும். சகஜம்" என்றார் வீட்டுக்காரர்.

மைத்துனன் என்னைத் தனியே அழைத்தான். "மாமா, வாங்கறதை அப்புறம் பேசலாம். தண்ணி வெளிய போவ வழியில்லாம அந்தச் சுவர் சாஞ்சா பின்ரூம் மேலதான் விழும். மழைக்காலத்துல அந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது. அவங்ககிட்ட சொல்லியே ஆகணும்."

சொன்னோம். வீட்டுக்காரர் முகம் சிவந்தது.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. தலைக்கு மேல பாறைய வெச்சிக்கினு வேலை செஞ்சவன் நானு. எனக்கே சுவர் பத்தி சொல்றீங்களா?"

என் மனைவி அந்த அம்மாவிடம், "அக்கா, கட்டிலையாவது முன்ரூமுக்கு மாத்திக்கோங்க" என்றாள். அந்த அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் பேச்சு பரவி, அடுத்து வாங்க வந்தவர்களும் பின்வாங்கினார்கள். நாங்கள்தான் பரப்பினோம் என்று நினைத்து, கடைத்தெருவில் எங்களைக் கண்டால் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு பிற்பகல் சுவர் சரிந்தது. செய்தி கேட்டு ஓடினோம். பின்னறை முழுக்கச் சேறும் கல்லும். வழக்கமாக வீட்டுக்காரர் மதியம் தூங்கும் இடம் அது. ஈரத்தால் மூட்டு வலிக்கிறது என்று கணவரிடம் சாக்குச் சொல்லி, அந்த அம்மா சில நாள் முன்புதான் கட்டிலை முன்பக்கம் மாற்றியிருந்தார். இருவரும் தெருவில் நனைந்தபடி நின்றார்கள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இப்ப திருப்தியா?"

அந்த அம்மா தலைகுனிந்து நின்றார். கட்டிலை ஏன் மாற்றினார் என்று கணவரிடம் அப்போதும் சொல்லவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் என்று நாங்களும் சொல்லிக்காட்டவில்லை.

மகள் வந்து இருவரையும் அழைத்துப் போனாள். வீடு விலைபோகவே இல்லை. நாங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டோம். சுரங்கம் மூடிய வருடம், சரிவில் வேறொரு வீட்டை வாங்க நினைத்த நண்பர் ஒருவர் மைத்துனனை அழைத்துவரச் சொன்னார். அவனை அனுப்பிவைத்தேன். நான் மட்டும் அவனோடு போகவில்லை.