நான்கு கோடும் ஒரு பொட்டும்

பாலக்கரையில் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் சகாயராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நாற்காலி வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். செய்தவரின் கை அடியில்தான் தெரியும் என்பார்.

ஸ்ரீரங்கத்து சித்ராதேவி டீச்சர் கொடுத்துவிட்டுப் போன மஹோகனி நாற்காலியையும் கவிழ்த்தார். கன்டோன்மென்ட் பங்களா ஏலத்தில் டீச்சரின் கணவர் வாங்கியது. இருக்கையைத் தாங்கும் மரச்சட்டத்தின் உட்புறம் உளியால் வெட்டிய நான்கு சிறு கோடுகள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் யாரோ ஒரு தச்சர் ஒரே மாதிரி செய்த நாற்காலிகளில் இது நான்காவது. பாகங்கள் மாறிவிடக் கூடாதென்று போட்ட அடையாளம்.

பெயர் தெரியாத அந்த மனிதர்மேல் சகாயராணிக்குப் பாசமே வந்துவிட்டது. அவர் செய்து முடித்த அன்று இருந்தபடியே இதைத் திருப்பித் தர வேண்டும் என்று நினைத்தார். பிற்காலத்தில் யாரோ பூசிய வார்னிஷையும் பிசுக்கையும் எடுத்தார். வலது கைப்பிடியில் கட்டைவிரல் அளவுக்குக் குங்குமக் கறை ஊறிக் கிடந்தது. இது தச்சர் வைத்தது அல்லவே. கண்ணாடிச் சில்லால் அதையும் சுரண்டிவிட்டார்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். அவர் விரல் நேராக அந்தக் கைப்பிடிக்குத்தான் போனது.

"பொட்டு எங்க ராணி?"

"கறைன்னு எடுத்துட்டேன் டீச்சர்."

"எங்க வீட்டுக்காரர் ரயில்வே பரீட்சைக்கு இதுல உக்காந்துதான் படிச்சாரு. இதுதான் என் ஆயுதம்னு முப்பத்தோரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு. அவர் போனதுலேருந்து அதைத் தொட்டுட்டுத்தான் காலையில காபி போடுவேன்."

சகாயராணி நாற்காலியைக் கவிழ்த்து நான்கு கோடுகளைக் காட்டினார்.

"இது செஞ்ச தச்சர் போட்ட நம்பர், நாலு. அவரு கையைக் காப்பாத்தறேன்னு உங்க வீட்டுக்காரர் கையை அழிச்சுட்டேங்க."

டீச்சர் குனிந்து கோடுகளைத் தடவினார்.

"எங்க வீட்டுக்காரரும் டிபன் பாக்ஸ் மூடிக்குக்கூட நம்பர் போடுவாரு" என்றார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது.

"கலர் கலந்து பழைய மாதிரியே பண்ணித் தரட்டுமா?"

"வேணாம். அது அவர் வச்சது ஆகாது."

சகாயராணி கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல மட்டும் பாலிஷ் போடாம விடறேன் டீச்சர். மரம் வெறுமையா இருந்தா குங்குமத்தை இழுத்துக்கும். நீங்க வைங்க."

டீச்சர் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றும்போது அந்த இடத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் போன் வந்தது.

"வச்சேன் ராணி. துடைச்சுப் பார்த்தேன். போகல."